கீழே அனுப்ப முடியாத இயந்திரங்கள்

1952-க்குப் பிறகு விண்டர்தூரிலிருந்து நீலகிரிக்கு ஒரு நீராவி எஞ்சின்கூட வரவில்லை. சுவிட்சர்லாந்தில் உள்ள அந்த ஊரின் எஸ்எல்எம் நிறுவனம்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்து அனுப்பியது. 1914 தொடங்கி 1925 வரை 12 எஞ்சின்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் 1952-இல் இன்னும் 5. அதோடு சரி. 1871-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனமே 1990களின் இறுதியில் பிரித்து விற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் காலையில் மேட்டுப்பாளையத்தில் வண்டி புறப்படுகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்க, எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு, 12.5 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் மாடு நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சனங்கள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்தவன் இல்லாமல் போன ஒரு பொருளை அன்றாடம் நம்பி எப்படி வாழ முடிகிறது என்ற கேள்வி எனக்கு ரயிலைப் பார்த்து வரவில்லை. என் மேசைமேல் இருக்கும் கணினியால் வந்தது. அது பெட்டியோடு வாங்கிய கணினி அல்ல. மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு, கேபினட் என்று கோவை காந்திபுரத்திலும் சென்னை ரிச்சி தெருவிலும் தனித்தனியாக வாங்கிக் குன்னூரில் சேர்த்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தது ஆப்பிளின் மேக் ஓஎஸ். இப்படிச் சேர்த்த கணினியை ஹாக்கிண்டாஷ் என்பார்கள். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் தன் பெயர் பொறித்த கணினிகளில் மட்டுமே அந்த இயங்குதளத்தை நிறுவ இடம் கொடுக்கிறது. ஆகவே இதற்கு ஆதரவும் இல்லை, அனுமதியும் இல்லை. எழுத்து, மெய்ப்பு, மொழிபெயர்ப்பு, மின்கட்டணம், வங்கிக் கணக்கு எல்லாம் அதன்மேல்தான் நடந்தன.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைச் சொல்ல வேண்டும். 2005 ஜூனில் ஆப்பிள் இன்டெல் சில்லுக்கு மாறப்போவதாக அறிவித்தது. 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. அன்றிலிருந்து அவர்கள் கணினிக்குள் இருந்த சில்லும் ரிச்சி தெருக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சில்லும் ஒரே குடும்பம். தடையாக நின்றது இயங்குதளம் எழும்போது கேட்கும் ஒரு விசாரணை மட்டும்தான்: இது நம் வீட்டுக் கணினிதானா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆர்வலர்கள் சிறு நிரல்களை எழுதினார்கள். முன்பு க்ளோவர், பிறகு ஓப்பன்கோர். இயங்குதளத்துக்கு முன்பாக எழுந்து, 'இது இன்ன ஆண்டின் ஐமேக்' என்று அதனிடம் சொல்லி, இல்லாத சில்லுகள் இருப்பதாகக் காட்டி, வழிவிடுவது இவற்றின் வேலை. இதை எழுதியவர்கள் சம்பளத்துக்கு எழுதவில்லை. அந்த உழைப்பின்மேல் எனக்குள்ள மரியாதை சிறிதும் குறையவில்லை.

அப்படிப்பட்ட கணினியை நம்புவது என்றால் மொத்தமாக நம்புவதில்லை. உறுப்பு உறுப்பாக நம்புகிறோம். திரை நம்பகமானது. ஒலி பரவாயில்லை. தூங்கப்போட்டால் எழுமா என்பது சந்தேகம், ஆகவே அணைத்துவிடுவது வழக்கம். யுஎஸ்பி துளைகளை 15-க்கு மேல் அந்த இயங்குதளம் கணக்கில் எடுக்காது. எது வேண்டும் எது வேண்டாம் என்று நாமே வரைபடம் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இந்தக் கணக்கு மாறும். 2018-இல் வந்த பதிப்போடு என்விடியாவின் புதிய கார்டுகளுக்கு வழி அடைபட்டது. இலட்சக்கணக்கில் செலவு செய்து சேர்த்தவர்கள் பழைய பதிப்பிலேயே நின்றுகொண்டார்கள். 2023-இல் பழைய பிராட்காம் வைஃபை கார்டுகள் போயின. இப்படி வழியை அடைப்பது ஆப்பிள் நமக்குச் செய்யும் துரோகம் ஆகாது; அவர்கள் நமக்கு எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் உடனே ஏற்றிவிடாமல், வேறு யாராவது ஏற்றிப் பார்த்து நலமாக எழுந்தார்களா என்று காத்திருப்பது இந்த வாழ்க்கையின் ஒழுங்கு.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒன்று உண்டு. பொருள் கெட்டால் 'கீழே' அனுப்ப வேண்டும். கீழே என்றால் மேட்டுப்பாளையம், கோவை. சர்வீஸ் சென்டர் கீழே, ஸ்பேர் கீழே, பெரிய ஆஸ்பத்திரி கீழே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும். பர்லியார் வழிச் சாலையில் மண் சரியும், ரயில் பாதையில் பாறை உருளும், வண்டி நாட்கணக்கில் ரத்தாகும். 2009 நவம்பர் மண்சரிவை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றடித்தால் யூகலிப்டஸ் மரம் கம்பிமேல் விழுந்து மின்சாரம் போகும், திரும்பி வரும்போது ஒரு துள்ளலோடு வரும். மூடுபனியின் ஈரம் கேபினட்டுக்குள் புகுந்து ராம் கார்டின் பொன்பூசிய பற்களை மங்கடிக்கும். இந்த நிலத்தில், கையால் சேர்த்த கணினிக்கு ஒரு வலு இருக்கிறது: எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே ஓர் ஆளுக்குத் தெரியும். ராமைக் கழற்றி அழிப்பானால் தேய்த்துப் போட்டால் பாதி நோய் தீரும். எஸ்எம்பிஎஸ் போனால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டி மூடி, திருகுக்குப் பதில் பசையால் அடைத்து விற்கப்படும் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் கோத்தகிரியில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்த வசதி இல்லை. அவரிடம் உத்தரவாத அட்டை இருக்கிறது. அட்டை செல்லுபடியாகும் இடம் 50 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

எக்ஸ் எஞ்சினும் இதே காரணத்தால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். அது எளிய எஞ்சின் அல்ல. 4 உருளைகள். மேலே ஏறும்போது கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் உயர் அழுத்த உருளைகளுக்குள் போய்த் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. அங்கே வேலை முடிந்த நீராவி வீணாக வெளியேறாமல் தாழ் அழுத்த உருளைகளுக்குள் நுழைந்து பற்சக்கரங்களைத் திருப்புகிறது. பற்சட்டம் இல்லாத சமதளத்தில் இரண்டாவது கூட்டம் ஓய்வெடுக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த பற்சட்ட முறை இது. இரண்டு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருப்பதால் ஒரு பல்லாவது எப்போதும் பிடித்திருக்கும். இந்த இயக்கத்தைக் குன்னூர் ஷெட்டில் தலைமுறை தலைமுறையாகக் கழற்றி மாட்டியவர்கள் விண்டர்தூரைப் பார்த்ததில்லை. பெரிய வேலைகள் திருச்சி பொன்மலைக்குப் போயின. 1928 முதல் அங்கே இயங்கும் அந்தப் பணிமனை பழுது பார்ப்பதோடு நிற்கவில்லை. 2011-க்கும் 2014-க்கும் இடையில் எக்ஸ் வகையில் 4 புது எஞ்சின்களையே கட்டி மலைக்கு அனுப்பியது. சுவிஸ்காரர்கள் நிலக்கரிக்காகச் செய்ததை இவர்கள் எண்ணெயில் எரியும்படி மாற்றிச் செய்தார்கள். 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் புதிதாகக் கட்டினார்கள். முதலில் செய்த நிறுவனத்திடம் இனி ஆர்டர் கொடுத்து வாங்க முடியாத ஒன்றைத் தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பணிமனை கட்டுகிறது என்பதை நம் பத்திரிகைகள் சுற்றுலாச் செய்தியாக எழுதிவிட்டுப் போய்விட்டன. பொன்மலைத் தொழிலாளர்களுக்கு அதைவிடப் பெரிய இடம் சேர வேண்டும்.

கணினியையும் எஞ்சினையும் இதற்குமேல் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. தேய்ந்த பற்சக்கரத்தைக் கையில் எடுத்து அளக்கலாம். பல்லின் ஆழம், இடைவெளி, உலோகத்தின் தன்மை எல்லாவற்றையும் அந்தத் துண்டே சொல்லிவிடும். வரைபடம் தொலைந்தாலும் பொருளிலிருந்து வரைபடத்தை மீட்கலாம். மேக் ஓஎஸ் அப்படியில்லை. அதன் மூலநிரலில் பெரும்பகுதி மூடப்பட்டது. ஓப்பன்கோர் எழுதியவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் வாசலில் நின்று பதில் சொல்ல முடியுமே தவிர, வீட்டுக்குள் ஒரு செங்கல்லை மாற்ற முடியாது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது. 2025 ஜூனில், இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு டஹோ என்று அறிவித்துவிட்டது. அதோடு ஹாக்கிண்டாஷின் பாதை முடிகிறது. விண்டர்தூர் கைவிட்டபோது குன்னூரின் கையில் இரும்பு இருந்தது. ஆப்பிளின் கூப்பர்டினோ கைவிடும்போது நம் கையில் பூட்டிய பெட்டிதான் மிஞ்சும்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. இரும்பு ஓடினால்தான் தேயும். ஷெட்டில் நிறுத்தி எண்ணெய் பூசி வைத்த எஞ்சினை உலகத்தின் மறுகோடியிலிருந்து யாரும் கெடுக்க முடியாது. இயங்குதளமோ அசையாமல் இருந்தாலும் நாளுக்கு நாள் ஆபத்தாகிறது, ஏனென்றால் அதன் ஓட்டைகளை வெளியிலிருப்பவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போகிறார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. 2017 மே 12-இல் வான்னகிரை என்ற தீநிரல் தாக்கியபோது அதற்கான திருத்தம் ஏற்கெனவே மார்ச்சில் வந்திருந்தது; ஏற்றாத கணினிகள்தான் வீழ்ந்தன. நிலைமையின் கடுமையைப் பார்த்து, மூன்றாண்டுகளுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் அந்த நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் அதே நாள் வந்தது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள், உள்ளே ஒரு பாதுகாப்புச் சில்லு இல்லை அல்லது பிராசசர் பழையது என்பதற்காக அடுத்த பதிப்புக்குத் தகுதி இல்லாதவை ஆயின. ஊட்டியிலும் கூடலூரிலும் ஜெராக்ஸ் கடை, மருந்துக்கடை, சிறு பள்ளி அலுவலகம் எங்கும் இவைதான் இருக்கின்றன. பில் போட்டுக்கொண்டிருக்கும் கணினியை ஒரு தேதிக்காகத் தூக்கிப்போடச் சொல்வது நியாயமில்லை. பழையதையே நெட்டில் இணைத்து, அதில் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பதும் சரியில்லை.

நம் ஊரிலேயே செய்தால் போதும் என்ற நினைப்புக்கும் நீலகிரியில் ஒரு பதில் இருக்கிறது. ஊட்டியில் 1960களில் எழுந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே படலமும் செய்தது. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. பிரான்சிலிருந்து உரிமம் பெற்ற தொழில்நுட்பம்; உலகம் எண்ணிம ஒளிப்படத்துக்கு மாறியபோது அந்த ஆலையால் திரும்ப முடியவில்லை. கேமரா கையில் நன்றாகவே இருக்கிறது, உள்ளே போட எதுவும் இல்லை என்ற நிலை. இயந்திரம் தனியாக உயிர் வாழ்வதில்லை, அதற்கு ஊட்டுகிற ஒரு வழி வேண்டும் என்பதை ஊட்டிக்காரர்கள் வேலை இழந்து கற்றுக்கொண்டார்கள்.

அதே மலையில், முத்தோரைச் சரிவில், வேறு ஒரு கதை 1970 முதல் நடந்துகொண்டிருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இளம் பொறியாளர்கள் கட்டிய வானொலித் தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பரவளைய வடிவில் 24 இரும்புச் சட்டங்கள். அவற்றின் குறுக்கே நெடுக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். ஊட்டியின் அகலாங்கு ஏறக்குறைய 11 பாகை. அதே சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்குத் தெற்காக இதை அமைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து போகலாம். கோடிகள் கொட்டி வெளிநாட்டிலிருந்து இறக்க முடியாததை, மலையின் சாய்வையே உறுப்பாக்கிச் செய்துகொண்டார்கள். குவியக்கோட்டில் 1,056 இருமுனை ஏற்பிகள். 1990களின் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றின் பின்னாலும் தனித்தனியாகக் குறிப்பலை பெருக்கி வைத்து உணர்திறனைக் கூட்டினார்கள். சட்டமும் கம்பியும் 1970-இன் சட்டமும் கம்பியும்தான், அவற்றின் பின்னாலிருக்கும் மின்னணுவியல் அப்படியே நின்றுவிடவில்லை. அங்கே எந்த உறுப்பும் பூட்டியில்லை. வரைபடம் வரைந்தவர்களும் அதைத் திருத்தியவர்களும் ஒரே வளாகத்தில் தேநீர் குடித்தவர்கள்.

இதை யோசித்துத்தான் என் கணினியை டெபியன் லினக்ஸுக்கு மாற்றினேன். அதுவும் யாரும் ஆதரவு எண் கொடுத்து விற்காத பொருள்தான். ஆனால் வரைபடம் திறந்திருக்கிறது. ஒருவர் விட்டால் இன்னொருவர் எடுத்துத் தொடரலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பிள்ளைகள் பலரும் அதைத் திறந்தே பார்க்காமல் அழித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஓர் ஆள் இல்லாமல் கொடுக்கப்பட்ட கருவி அது. பொன்மலையில் புதிதாகச் சேர்பவருக்கு ஒரு மூத்தவர் இருப்பார்.

மலை ரயிலில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு எஞ்சினில் இல்லை, பெட்டிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். கொடியசைவு பார்த்துக் கைச்சக்கரத்தைத் திருப்பித் தன் பெட்டியைத் தானே நிறுத்துகிறார். சக்கரத்துக்கு ஒரு பிரேக், பற்சட்டத்துக்கு ஒரு பிரேக். எஞ்சினை நம்பாததால் அவர்களை நிறுத்தவில்லை. எஞ்சின் தவறினாலும் பெட்டி தவறக்கூடாது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பொறுப்பு வைத்தார்கள். அன்றாட வேலைக்கு கையால் சேர்த்த கணினியை நம்புகிறவர் இதைத்தான் கைக்கொள்ள வேண்டும். எழுதியது ஒரே டிஸ்க்கில் இருக்கக்கூடாது. ஒரு பிரதி வீட்டிலேயே தனி டிஸ்க்கில், இன்னொன்று மலைக்குக் கீழே உறவினர் வீட்டில். வங்கி வேலைக்கு, திருத்தங்கள் தவறாமல் வரும் வேறொரு கருவி. இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு என் கணினி ஒரு நாள் எழாவிட்டாலும் போகப்போவது அரைநாள் வேலை மட்டுமே.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதில் அவசரமான ஒரு காரியம் இருக்கிறது. நம் இதழ்களின் 25 ஆண்டு இருப்பு பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலின் கோப்புகளில் கிடக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருக்களை வைத்துச் செய்த பழைய எழுத்துருக்களில், ஒவ்வொரு அச்சகமும் தனக்கென ஒரு குறியேற்றத்தில் அடித்துவைத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும் அச்சுக் கோப்பு அப்படியே நீடித்தது. குன்னூரில் எனக்குத் தெரிந்த டிடிபி அக்கா ஒருவர் இன்னும் எக்ஸ்பி கணினி ஒன்றை வைத்திருக்கிறார். "இதுக்கு நெட்டே குடுக்கறதில்லைங்க. வெளியாள் பென் டிரைவும் இதுல போட விடமாட்டேன். பழைய புஸ்தகம் மறுபதிப்புன்னு யாராவது வந்தா மட்டும் ஆன் பண்ணுவேன்" என்றார். கைவிடப்பட்ட இயங்குதளத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான நடைமுறையை நான் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. ஆனால் அந்த ஹார்டு டிஸ்க்குக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது, மாற்று மதர்போர்டு கீழேயும் கிடைப்பதில்லை.

அது எழுந்துகொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். கோப்பைத் திறந்து உரையை வெளியே எடுத்து, எந்த எழுத்துருவில் அடித்தது என்று குறித்து, என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கி, ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் அக்காவின் கடையில் இதைத் தொடங்குகிறோம். உங்கள் இதழின் பழைய சிடிக்கள் இருந்தால், அதில் பயன்பட்ட எழுத்துருக் கோப்பையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். எழுத்துரு இல்லாமல் வரும் கோப்புகளைக் கடைசியில்தான் எடுப்போம்.